மூன்று உயிர்

வலது பக்கம் மட்டும்தான் போக முடியும். இடது பக்கம் திரும்பினால் திரையின் ஓரமே சுவராக நிற்கும். இதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. குடைக்காரன் அந்தச் சுவரில் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடக்கிறான், கால் மட்டும் மாறி மாறிப் போகிறது, ஆள் நகரவில்லை. இப்போதுதான் அவன் தாண்டிவந்த ஓட்டுக்கூரை, அதன் மேல் எடுக்காமல் விட்டுவந்த பச்சை மணி, எல்லாம் அந்தப் பக்கம் இருக்கின்றன, இல்லை, இல்லாமலே போய்விட்டனவோ என்னவோ. சின்ன வயதில் இது உறுத்தியதே இல்லை. திரும்பிப் போய் எடுக்க அப்போது எங்களுக்கு என்ன இருந்தது. மாறன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “போ, போ, நிக்காத, போக்கா” என்று என் முழங்கையை இடித்துக்கொண்டே இருப்பான், நிற்க விடமாட்டான். இப்போது அவன் எனக்குப் பின்னால் இருக்கிறான். பின்னால் ஒரு சுவர், சுவரில் ஒரு கதவு, கதவுக்கு அந்தப் பக்கம் என் தம்பி. நான் அம்மா வீட்டு ஹாலில் டிவியைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். சத்தத்தை எவ்வளவு வைப்பது என்பதே பெரும்பாடாக இருக்கிறது. குறைத்தால் அவனுக்குக் கேட்காது. கூட்டினால் அவனைக் கூப்பிடுவதற்கென்றே வைத்த மாதிரி இருக்கும். கூப்பிடத்தான் வைத்திருக்கிறேன், ஆனால் கூப்பிடுகிற மாதிரி இருக்கக் கூடாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு செல்போன் கடையில் வாங்கி வந்தேன் இதை. பென் டிரைவ் மாதிரி ஒரு துண்டு, டிவிக்குப் பின்னால் செருகினால் போதும், பழைய கேம் எல்லாம் உள்ளே இருக்கிறதாம். “பையனுக்கா மேடம்?” என்றார் கடைக்காரர். “தம்பிக்கு” என்றேன். “தம்பி என்ன படிக்கிறாப்ல?” முப்பத்தெட்டு வயது என்று சொல்ல வாய் வரவில்லை. “படிச்சு முடிச்சுட்டான்” என்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பட்டியல் முழுக்க ஆங்கிலப் பெயர்கள், எங்களுக்கு இதன் பெயரே தெரியாது, அப்பா மெட்ராஸிலிருந்து வாங்கிவந்த கேசட்டில் ஒட்டியிருந்த காகிதம் பாதி கிழிந்திருந்தது, அதில் ஒரு குடை மட்டும் தெரிந்தது, அதனால் குடைக்காரன். காலையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து மூடினேன். கார், துப்பாக்கி, பந்து, மறுபடி துப்பாக்கி. திடீரென்று படம் வருவதற்கு முன்னாலேயே அந்தப் பாட்டு வந்தது. முதுகுத்தண்டில் யாரோ விரலால் கோடு போட்ட மாதிரி இருந்தது. அம்மா கரண்டியும் கையுமாக வந்து நின்று குரலே இல்லாமல் கேட்டாள், “இது நம்ம மாறன் ஆடுறதுல்ல?”

குரலில்லாமல்தான் பேசுகிறோம் இந்த வீட்டில். குக்கர் விசிலடித்தால் அம்மா முதலில் அடுப்பைப் பார்ப்பதில்லை, கதவைப் பார்க்கிறாள். மாறனுக்கு என்ன என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல எங்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது, உடம்பு கொஞ்சம் சரியில்ல, லீவுல வந்திருக்கான். அதற்குமேல் எங்களுக்கும் தெரியாது. பொங்கலுக்குச் சென்னையிலிருந்து பெரிய சூட்கேஸோடு வந்தான். வேலை போனதா, இவனே விட்டானா, அங்கே ஒரு பெண்ணைப் பற்றி முன்பு சொல்லிக்கொண்டிருந்தானே அது என்ன ஆயிற்று, எதற்கும் “அப்புறம் சொல்றேன்” என்றுதான் பதில். முதலில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனான். பிறகு தாழ்ப்பாள். பாத்ரூம் உள்ளேயே இருக்கிறது, வெளியே வரவேண்டிய அவசியமே இல்லாமல் அப்பா கட்டிவிட்டார். அம்மா தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வாள், அப்போதுதான் கதவு திறக்கும், கை வரும், மூடும். தஞ்சாவூரிலிருந்து பெரியப்பா ஒருநாள் வந்தார். “ஆம்பளப் புள்ள மாதிரி வெளிய வாடா” என்று கதவைப் பிடித்து உலுக்கினார், உலுக்கியதில் தாழ்ப்பாளே ஒரு பக்கம் கோணிக்கொண்டது. கதவு திறக்கவில்லை. அதற்குப் பிறகு தட்டு வைத்தது வைத்தபடி காய்ந்து திரும்பி வந்தது, நாலைந்து நாள், அம்மா ஒவ்வொரு முறையும் அதைத் தெரு மாட்டுக்குப் போடும்போது அழுதாள். அப்போதுதான் ஓசூரிலிருந்து என்னை வரச்சொன்னாள். மனநல டாக்டரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார், ஆரம்பத்தில் மாறனோடு போனில் பேசியும் பார்த்தார், மாத்திரையும் எழுதிக்கொடுத்தார், இப்போது அவன் போனை அணைத்து வைத்திருக்கிறான். மிரட்டாதீங்க, கெஞ்சாதீங்க, இப்போதைக்குக் கேள்வி எதுவும் கேக்காதீங்க, பக்கத்துலயே இருங்க, சாப்பிடறது நின்னாலோ சத்தமே இல்லன்னாலோ உடனே கூப்பிடுங்க என்றார். பக்கத்திலேயே இருப்பது எப்படி என்று மட்டும் அவர் சொல்லவில்லை. கேள்வி இல்லாமல் ஒருவரிடம் எப்படிப் பேசுவது. சாப்டியா என்பதுகூடக் கேள்விதான். யோசித்து யோசித்து, “மாறா, இன்னைக்கு வெயில் ஜாஸ்தி”, “மாறா, கீழ் வீட்ல பெயின்ட் அடிக்கிறாங்க” என்று கதவிடம் வானொலி மாதிரிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பதில் வருவதில்லை. கேள்வியே கேட்காதபோது பதில் எங்கிருந்து வரும்.

குழியில் விழுந்துவிட்டேன். குடைக்காரன் ஒருமுறை மேலே துள்ளி, முகத்தை எனக்குக் காட்டி, அப்படியே கீழே போனான். ‘செத்துட்டேன்’ என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். எத்தனை லேசாகச் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை. “செத்துட்டியா? நான் இன்னும் சாவல. எனக்கு ரெண்டு உயிர் பாக்கி இருக்கு.” “எனக்கு ஒண்ணு குடுடா.” “தரமாட்டேன் போ.” நாள் முழுக்க இதே பேச்சு. அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள், “வெள்ளிக்கெழம அதுவுமா வெளக்கேத்துற நேரத்துல என்னடி பேச்சு அது, வாயக் கழுவு.” அதற்காக வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ‘அவுட்’ என்று சொல்வோம். குடைக்காரனுக்கு மூன்று உயிர். ஒன்று போனால் அதே இடத்தில் பளிச்பளிச்சென்று மின்னிக்கொண்டு எழுந்து நிற்பான், கொஞ்ச நேரம் அவனை எதுவும் தொட முடியாது, எவன் மேல் முட்டினாலும் ஒன்றும் ஆகாது. அந்தக் கொஞ்ச நேரம் மாறனுக்கு ரொம்பப் பிடிக்கும், வேண்டுமென்றே கூரையில் எதிரே வரும் பூனைகளின் மேல் போய் மோதுவான். இப்போது மின்னுகிறான். மின்னி முடித்துவிட்டான். பின்னாலிருந்து ஃபேன் சத்தம் கேட்கிறதா என்று சத்தத்தைக் குறைத்துப் பார்க்கிறேன். கேட்கிறது. அவன் அறை ஃபேன் பழசு, சுற்றுக்கு ஒருமுறை டக் என்னும். வந்த நாளிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருப்பது அந்த டக்கைத்தான், படுத்திருக்கும்போது, சமைக்கும்போது, குளித்துக்கொண்டே குழாயை மூடிவிட்டு. எனக்குப் பயம் அந்த ஃபேன்தான். ஆறுதலும் அந்த ஃபேன்தான். அது சுற்றிக்கொண்டிருக்கும்வரை ஒன்றுமில்லை. சுற்றிக்கொண்டிருக்கும்வரை. இதற்குமேல் இந்த நினைப்பைப் போக விடக் கூடாது, ஆனால் அதற்கும் இடது பக்கம் கிடையாது, தள்ளிக்கொண்டே வருகிறது, ஓடு, அடுத்த கூரைக்குத் தாவு, குடையை விரி, மிதந்து இறங்கு. தாவினேன். பூனை இடித்தது. அவுட். இன்று வெள்ளிக்கிழமைகூட இல்லை.

போன் அதிர்கிறது. என் வீட்டுக்காரர் தயாளன். கேமை நிறுத்திவைத்துப் பேசினேன். “எப்படி இருக்கான்?” “அப்படியேதான்.” “நீ எப்படி இருக்க?” “கேம் வெளாடிட்டு இருக்கேன்” என்றேன். பிறகு மெதுவாக, “மங்கை, பாப்பாவுக்கு ஸ்கூல் தொறக்கப் போவுது. டிக்கெட் போடவா, வேணாமா?” என்றார். திட்டினால்கூட நன்றாக இருக்கும், இவர் திட்டுவதில்லை, பொறுமையாகக் கேட்கிறார், அந்தப் பொறுமையை நான் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறேன். “பாக்கலாம்” என்றேன். எனக்குப் போன் வந்தால் அம்மா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். பாத்திரத்தைக் கழுவுகிற மாதிரி, ஆனால் தண்ணீர் விழாது. நான் போய்விடுவேனோ என்று காது கொடுத்துக் கேட்கிறாள். போய்விட்டால் அவளும் இந்தக் கதவும் மட்டும். போகாவிட்டால் நானும் அவளும் இந்தக் கதவும். ஓசூர் வீட்டில் துணி மடிக்காமல் கிடக்கும், பாப்பா என் பக்கத் தலையணையில் படுத்துத் தூங்கும், எல்லாம் திரையின் அந்தப் பக்கம். மாடிப்படி இறங்கி மளிகைக் கடைக்குப் போவதற்குக்கூட எனக்கு இப்போது பயமாக இருக்கிறது, நான் இல்லாத அந்தக் கால் மணி நேரத்தில்தான் ஏதாவது என்று. அம்மாவோ கோவிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள், பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கும் போகவில்லை. தாழ்ப்பாள் ஒன்றுதான், உள்ளே இருப்பது மூன்று பேரும். போனை வைத்துவிட்டுக் குடைக்காரனை மறுபடி நடக்கவிட்டேன். நிறுத்திவைத்த நேரமெல்லாம் அவன் ஒரு காலைத் தூக்கியபடி காற்றில் நின்றிருந்தான், பாவம்.

கூரைகள் முடிந்து மணிக்கூண்டு வந்துவிட்டது. இங்கே வெளிச்சம் போய்த் திரை பழுப்பாகும், பாட்டும் மாறும், கடிகாரத்தின் உள்ளே போவதுபோல டிங், டிங், டொய்ங். பெரிய பெரிய பல்சக்கரங்கள் ஒன்றுக்கொன்று கடித்துக்கொண்டு சுற்றும், அவற்றின் பல்லில் ஏறி நின்று அடுத்ததற்குத் தாவி மேலே மேலே போக வேண்டும். விழுந்தால் அடிவரை. தாவினேன், விழுந்தேன். கடைசி உயிரும் போய், மறுபடி ஆரம்பத்திலிருந்து கூரையெல்லாம் தாண்டி வந்தேன், கை வேர்த்துப் பட்டன் வழுக்குகிறது, தாவினேன், விழுந்தேன். மூன்று உயிரும் முடிந்து புதிதாகத் தொடங்கி வந்தேன், அதே பல், அதே இடைவெளி, அதே குழி. விரலுக்கு இந்த இடம் பழக்கமே இல்லை என்பது மெல்ல உறைத்தது. கூரைகளில் விரல் தானாகப் போயிற்று, இங்கே திணறுகிறது. ஏன் என்று ஞாபகம் வந்தது. நான் இதைத் தாண்டியதே இல்லை. ஒருமுறைகூட. இங்கே வந்ததும் கையிலிருப்பதை அவன் மடியில் போட்டுவிடுவேன், “மாறா, இத மட்டும் நீ ஆடிக் குடு.” அவன் என்னைவிட மூன்று வயது சின்னவன். நாக்கை ஒரு பக்கம் துருத்திக்கொண்டு, உடம்பையே சாய்த்துச் சாய்த்து ஏறி, உச்சியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, “இந்தா, இனிமே நீ போ” என்று திருப்பிக் கொடுப்பான். பெருமையடித்துக்கொள்ள மாட்டான், அது அவன் வேலை என்பது மாதிரி கொடுப்பான். அடுத்தநாளும் நான் அவன் மடியில்தான் போடுவேன். இத்தனை மாதமாக நாங்கள் அவனுக்குச் சோறு கொடுக்கிறோம், மாத்திரை கொடுக்கிறோம், வெயில் செய்தி சொல்கிறோம், பெரியப்பா புத்தி கொடுத்தார், யாரும் அவனிடம் எதுவும் கேட்டு வாங்கவில்லை. இதை நான் யோசித்தேனா, இல்லை இப்போது சொல்லும்போது சேர்த்துக்கொள்கிறேனா தெரியவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்தது வெறும் எரிச்சல். மறுபடி விழுந்தேன். கட்டைவிரல் வலிக்கிறது, கண் எரிகிறது, முதுகு எரிகிறது, டாக்டர் சொன்னதெல்லாம் மறந்தே போய்விட்டது, முப்பது வருஷத்துக்கு முந்தைய அதே குரலில், இந்த வீட்டில் யாரும் எழுப்பாத சத்தத்தில் கத்திவிட்டேன், “டேய் மாறா, இந்தப் பல்லுச் சக்கரத்துல மாட்டிக்கிட்டேன்டா! எப்படித்தான்டா தாண்டுவ நீ இத?”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் பாதியில் நின்றது. அம்மா வாசல்படியில் வந்து வாயில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கேள்வி கேட்டுவிட்டேன். கத்தியும் விட்டேன். பெரியப்பா கத்திய பிறகு தட்டு காய்ந்து வந்தது. இனி எத்தனை நாள் காயும். பாட்டு டிங் டிங் டொய்ங் என்று தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, குடைக்காரன் முதல் பல்லில் ஏறி நின்று சும்மா சுற்றிச் சுற்றி வருகிறான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கெட்டுவிடும் என்று தோன்றியது. “சீக்கிரமா விரிக்கிற.” முதலில் அது எங்கிருந்து வந்தது என்றே புரியவில்லை. தொண்டை கட்டிய, பழக்கம் விட்டுப்போன குரல். “என்னது?” என்றேன், மறுபடியும் கேள்வி. “குடைய. சீக்கிரமா விரிச்சிடுற. அதான் அந்தாண்ட போகாம நடுவுலயே எறங்குது.” “உனக்கு எப்படித் தெரியும்?” “சத்தம் கேக்குதுல்ல. தாவுற சத்தமும் குடைச் சத்தமும் ஒண்ணா வருது.” கதவுக்கு ரொம்பக் கிட்டத்திலிருந்து வந்தது குரல், தரையோடு தரையாக. அவனும் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறான். எப்போதிலிருந்து. கூரைகளிலிருந்தா. நேற்றிலிருந்தா. “அப்ப எப்ப விரிக்கிறது?” “விழ ஆரம்பிச்சப்புறம்.” “விழுந்துட்டா?” “விழணும்க்கா. கொஞ்சம் விழணும். அப்பத்தான் தூக்கும்.” தாவினேன். “இரு, இரு,” என்றான், “இரு, இப்ப.” விரித்தேன். குடை விரிந்து குடைக்காரனைத் தூக்கி அடுத்த பல்லில் வைத்தது. “ஏறிட்டேன்டா!” “நிக்காத. டொய்ங்னு வந்ததும் அடுத்தது. போ.” முழங்கையில் யாரும் இடிக்கவில்லை, ஆனால் என் முழங்கை கூசியது. டொய்ங். போனேன். விழுந்து, விரித்து, ஏறினேன். “இப்ப எங்க?” “சின்ன சக்கரம், ரெண்டு பக்கமும் வௌவால்.” “இடது வௌவால விட்டுரு. அது வராது.” அவன் சொல்லச் சொல்ல ஏறினேன், திரையைப் பார்க்காமல் அவன் பார்த்துக்கொண்டிருந்தான், திரையைப் பார்த்தும் நான் அவன் குரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பழுப்பு போய் மேலே நீலம் தெரிய ஆரம்பித்தது. “மாறா, வானம் தெரியுது” என்றேன், அப்போது எல்லாம் போயிற்று. திரை கறுத்தது. பாட்டு பாதியில் அறுந்தது. கரண்ட் போய்விட்டது.

ஃபேன். அதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. உள்ளே அது டக், டக், என்று இடைவெளி விட்டு, இன்னொரு டக், பிறகு இல்லை. வந்த நாளிலிருந்து அது நின்றதே இல்லை, அல்லது நின்றபோது நான் தூங்கியிருப்பேன். இப்போது நின்றுவிட்டது, கதவுக்கு அந்தப் பக்கம் எதுவுமே இல்லை, மூச்சுகூட இல்லை. “மாறா.” மறுபடி, “மாறா.” என் கை கையிலிருந்த பிளாஸ்டிக்கை எவ்வளவு இறுக்கியதோ, அது கிறீச்சென்றது. அப்போது, “போச்சா?” என்றான். “போச்சு” என்றேன். குரல் உடைந்து வந்தது, இருமி மறைத்தேன். “எல்லாம் போச்சு. மொதல்லருந்துதான் வரணும்.” “எதுவரைக்கும் போன?” “உச்சிக்கு. வானம் வந்துடுச்சு.” “அது உச்சி இல்ல. அதுக்கு மேல இன்னொண்ணு இருக்கு.” “அடப்பாவி, இத்தன வருஷமா அதுதான் உச்சின்னு நெனச்சிட்டிருக்கேன்.” உள்ளே ஒரு சத்தம். சிரிப்பா, இருமலா, மூக்கை உறிஞ்சியதா தெரியவில்லை. அம்மா ஈரக் கையை ஆட்டி, பேசு, பேசு என்று சைகை காட்டினாள். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். ஹால் வெந்தது. கழுத்திலிருந்து வேர்வை முதுகுக்குள் இறங்குவதை உணர்ந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன், ஹாலிலேயே இப்படி என்றால் அந்த அறை என்னவாக இருக்கும். ஏதாவது சொல்லலாமா. சொன்னால் வந்தது போய்விடுமா. தெருவில் யாரோ பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு போனார், அந்தக் குரல் தெருமுனை திரும்பிக் கரைந்தது.

“அக்கா.” “ம்.” “பானைத் தண்ணி இருக்கா?” அம்மா அதற்குள் பாதி தூரம் போய்விட்டாள். அவள் மொண்டு கொடுத்த டம்ளரை வாங்கிக்கொண்டு கதவுக்குப் போனேன். ஸ்டூலில் வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று தெரியாது, கை வைக்கவில்லை. வச்சுட்டுப் போக்கா என்று சொல்வான் என்று காத்துக்கொண்டு நின்றேன், சொன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவதற்கும் தயாராகத்தான் நின்றேன். அவன் சொல்லவில்லை. கோணிய தாழ்ப்பாள் ஒருமுறை இழுத்து வரவில்லை, இன்னொருமுறை இழுத்தான், வந்தது. கதவு ஒரு சாண் திறந்தது. வேர்வையும் பழைய துணியும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. இருட்டிலிருந்து கை வந்தது. நகம் வளர்ந்து, மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு, அப்பாவின் கடைசிக்காலக் கை மாதிரி இருந்தது. அதைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்துவிடலாம் என்று என் உடம்பு முழுக்க ஒரு வேகம் வந்தது. பிடிக்கவில்லை. டம்ளரைக் கொடுத்தேன். அவன் விரல் என் விரலில் பட்டது, சூடாக இருந்தது, அதையும் பிடிக்கவில்லை. உள்ளே நின்றபடியே குடித்தான். மடக் மடக்கென்று ஒவ்வொரு வாயாக இறங்குவதை எண்ணாமல் கேட்டுக்கொண்டு நின்றேன். காலி டம்ளர் வெளியே வந்தது. வாங்கிக்கொண்டேன். கை உள்ளே போகவில்லை, கதவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தது.

“இன்னும் கொஞ்சம்” என்றான்.

திரும்பி நடந்தேன். ஓடக் கூடாது, ஓடினால் பயந்துவிடுவான், நடக்க வேண்டும், தண்ணீர் எடுக்கப் போகிறவள் நடக்கிற மாதிரி நடக்க வேண்டும். அம்மா பானை மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள், மொள்ளுகிற சொம்பு பானை விளிம்பில் இடித்து இடித்துச் சத்தம் போட்டது. என் காதெல்லாம் முதுகுப் பக்கமே இருந்தது. தாழ்ப்பாள் சத்தம் எந்த நொடியும் வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே டம்ளரை நீட்டினேன். அம்மா ஊற்றினாள். நிறைந்து வழிந்து என் கை நனைந்தது. தாழ்ப்பாள் சத்தம் வரவில்லை.